ரவுட்டரில் ஒரு ஹார்ட் டிஸ்க், ஹாலில் கல்யாண வீடியோ: முழுமையான வழிகாட்டி

அக்கா கல்யாணத்தின் டிவிடிகள் நான்கு எங்கள் வீட்டில் இருக்கின்றன. டிவிடி பிளேயர் பழுதாகிப் பல வருடம் ஆகிவிட்டது. ஊரிலிருந்து யாராவது வந்தால் அம்மா தவறாமல் கேட்பார்: "அந்தக் கல்யாண வீடியோவக் கொஞ்சம் போடேன்டா." நான் லேப்டாப்பைத் திறந்து, பென் டிரைவில் காப்பி எடுத்து, டிவியின் முதுகுப் பக்கம் கையை விட்டுத் துழாவிச் சொருகி, ரிமோட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் வந்தவர்கள் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள்.

இப்போது அந்த வீடியோ ரவுட்டருக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. டிவியிலும் வரும், மாடியில் அண்ணன் போனிலும் வரும். இதற்காக நான் புதிதாக வாங்கியது அரை மீட்டர் கேபிள் ஒன்றுதான். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். ரவுட்டரின் பின்பக்கத்தில் ஒரு யூஎஸ்பி துளை தூசி படிந்து சும்மா கிடந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ரவுட்டரும் ஒரு கம்ப்யூட்டர்தான், ஆனால் ரொம்பச் சின்னது. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் 64 எம்பி, 128 எம்பி ரேம்தான் இருக்கும். பந்தியில் பரிமாற அதனால் முடியும். அடுப்படியில் நின்று சமைக்கச் சொன்னால் முடியாது. வீடியோவை டிவிக்கு ஏற்றபடி மாற்றுவது, சப்டைட்டிலை ஒட்டுவது, ஒலியைப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் சமையல் வேலை. அதைக் கம்ப்யூட்டரிலேயே முடித்து வைத்துவிட்டால் ரவுட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். "ரவுட்டரில் போட்டேன், சரியாக ஓடவில்லை" என்று என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வழுக்கி விழுந்த இடம் இதுதான்.

முதலில் ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள்

யூஎஸ்பி துளை இருக்கிறதா? உள்ளே பிளாஸ்டிக் நீலமாக இருந்தால் பெரும்பாலும் யூஎஸ்பி 3.0, கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருந்தால் 2.0. துளை இருப்பதாலேயே டிஸ்க் வேலை செய்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். சில பெட்டிகளில் அந்தத் துளை டாங்கிளுக்கோ பிரிண்டருக்கோ மட்டும் வைக்கப்பட்டிருக்கும். இணைய நிறுவனம் ஃபைபரோடு சேர்த்துக் கொடுக்கும் பெட்டிகளில் துளை இருந்தும் அதற்கான மெனு பூட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதைத் தெரிந்துகொள்ள ரவுட்டரின் பக்கத்துக்குள் நுழைந்து பாருங்கள். போனில் வைஃபை விவரத்தைத் திறந்தால் 'கேட்வே' என்று ஒரு எண் இருக்கும். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. அதை பிரவுசரில் அடித்து, ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுங்கள். உள்ளே 'யூஎஸ்பி' என்ற சொல்லைத் தேடுங்கள். டிபி-லிங்க்கில் அட்வான்ஸ்டு பகுதியில் யூஎஸ்பி என்றே இருக்கும். ஏசுஸில் 'யூஎஸ்பி அப்ளிகேஷன்'. நெட்கியரில் 'ரெடிஷேர்' என்று பெயர். அங்கே மீடியா சர்வர், மீடியா ஷேரிங், டிஎல்என்ஏ, சம்பா, நெட்வொர்க் நெய்பர்ஹுட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் போதும், மேலே போகலாம். அந்த எண்ணையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள், டிஸ்கின் விலாசமும் அதுவேதான்.

வேகம் போதுமா? ஒரு கணக்கு போடுவோம்

யூஎஸ்பி 2.0 என்றதும் பலருக்கு முகம் சுண்டிவிடுகிறது. தேவையே இல்லை. ஒரு படம் வழிந்து வர எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். ஃபைல் எத்தனை ஜிபி என்பதை 8000-ஆல் பெருக்கி, படம் ஓடும் விநாடிகளால் வகுத்தால் எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்பது வந்துவிடும் (8 மெகாபிட் சேர்ந்தால் 1 எம்பி). இரண்டேகால் மணி நேரப் படம், அதாவது 8100 விநாடி, 8 ஜிபி இருந்தால் சராசரி 8 எம்பிபிஎஸ். சண்டைக் காட்சி, மழைக் காட்சியில் இது இரண்டு மூன்று மடங்கு எகிறும். சரி, 25 என்றே வைத்துக்கொள்வோம்.

யூஎஸ்பி 2.0-வின் ஏட்டு வேகம் 480 எம்பிபிஎஸ். ரவுட்டரின் மூளை மெதுவானது என்பதால் அதில் கால்வாசி கூடக் கைக்கு வராமல் போகலாம். விநாடிக்கு 10 எம்பி வந்தாலே 80 எம்பிபிஎஸ் ஆயிற்று. மூன்று பேர் மூன்று அறையில் மூன்று படம் பார்க்கலாம்.

இடிப்பது இரண்டு இடத்தில். ஒன்று, ஃபைல்களை நெட்வொர்க் வழியாக டிஸ்கில் ஏற்றும்போது. 500 ஜிபி சேமிப்பை விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் ஏற்றினால் 14 மணி நேரம் ஆகும். அதனால் முதல் மொத்தச் சரக்கை டிஸ்கை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகி ஏற்றிவிடுங்கள். இரண்டு, ப்ளூரேயிலிருந்து அப்படியே எடுத்த 60 ஜிபி 4கே ஃபைல்கள். இரண்டு மணி நேரப் படமென்றால் சராசரியே 66 எம்பிபிஎஸ், உச்சத்தில் 100-ஐத் தாண்டிவிடும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளில் இருக்கும் லேன் துளை வெறும் 100 எம்பிபிஎஸ் துளை. கம்பி போட்டால் நல்லது என்று நம்பிக் கம்பி போட்டவர்களுக்குத்தான் அந்தப் படம் திக்கும். அதே டிவியில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாராளமாகக் கொடுக்கும்.

எந்த டிஸ்க்?

2.5 அங்குல வெளி ஹார்ட் டிஸ்க், அல்லது டப்பாவில் போட்ட எஸ்எஸ்டி. பென் டிரைவ் பரிசோதனைக்குச் சரி. இருபத்து நாலு மணி நேரமும் சொருகியே வைத்தால் சூடாகி சீக்கிரம் மண்டையைப் போட்டுவிடுகிறது. 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் உண்டு. அதை நான் இதற்குச் சொல்ல மாட்டேன், ரவுட்டர் மேசையில் ஏற்கெனவே ஒயர் காடுதான்.

மின்சாரத்தை மட்டும் கவனிக்க வேண்டும். யூஎஸ்பி 2.0 துளை தரவேண்டிய அளவு 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை 900. ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் இதைவிட அதிகம் கேட்கலாம். டிஸ்க் 'டிக்... டிக்...' என்று சத்தம் போட்டுத் திரும்பத் திரும்பத் தொடங்கினால், அல்லது டிஸ்கைச் சொருகியதும் ரவுட்டரே அணைந்து மறுபடி எழுந்தால், மின்சாரம் போதவில்லை என்று பொருள். அதற்குத் தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வைக்கலாம். இல்லாவிட்டால் எஸ்எஸ்டிக்கு மாறலாம்.

மின்வெட்டைப் பற்றியும் யோசியுங்கள். டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் அமைப்பு சிதையும். ரவுட்டருக்கென்று 12 வோல்ட் மினி யூபிஎஸ் விற்கிறார்கள், நல்ல முதலீடு. வாங்கும்போது ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் ஆம்பியருக்குக் குறையாததாகப் பாருங்கள், டிஸ்கும் அதே யூபிஎஸ்ஸில்தான் சாப்பிடப் போகிறது.

ஃபார்மேட்

டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறையைப் புதிதாக அமைப்பதுதான் ஃபார்மேட். இது டிஸ்கில் இருக்கும் எல்லாவற்றையும் துடைத்துவிடும். உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு நகர்த்திய பிறகே கை வைக்கவும்.

நான்கு பெயர்கள் அடிபடும். ஃபேட்32 எல்லா ரவுட்டரும் படிக்கும், ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. பெரிய படம் ஒன்றுக்கே இடம் போதாது, அதனால் விட்டுவிடலாம். எக்ஸ்ஃபேட் நல்லது, ஆனால் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை 2019-ல் வெளியிட்ட பிறகுதான் லினக்ஸ் இயங்குதளத்துக்குள் முறையாக வந்தது. ரவுட்டர்களுக்குள் ஓடுவது பெரும்பாலும் பழைய லினக்ஸ். அதனால் பழைய ரவுட்டர் எக்ஸ்ஃபேட் டிஸ்கைப் பார்த்து 'டிஸ்கே இல்லை' என்று சொல்லும். இஎக்ஸ்டி4 ரவுட்டருக்குத் தாய்மொழி மாதிரி, வேகமாக ஓடும். ஆனால் டிஸ்கைக் கழற்றி விண்டோஸில் சொருகினால் அது படிக்காது.

மிச்சம் என்டிஎஃப்எஸ். விண்டோஸ் வீடுகளுக்கு என் பரிந்துரை இதுதான், அநேகமாக எல்லா நிறுவன ரவுட்டர்களும் படிக்கின்றன. அதில் ஒரு முள் உண்டு. கம்ப்யூட்டரிலிருந்து 'பாதுகாப்பாக அகற்று' கொடுக்காமல் வெடுக்கென்று பிடுங்கி ரவுட்டரில் சொருகினால், ரவுட்டர் அந்த டிஸ்கைப் படிக்க மட்டும் அனுமதிக்கும், எழுத விடாது. சில சமயம் ஏற்கவே ஏற்காது. மறுபடி விண்டோஸில் சொருகி, டிரைவின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று ஒருமுறை ஓடவிட்டு, முறையாக அகற்றினால் சரியாகிவிடும்.

டிஸ்கை ஒரே பகுதியாக வையுங்கள். அதற்கு இடும் பெயர் ஆங்கிலத்தில் நாலெழுத்து, இடைவெளி வேண்டாம். ரவுட்டர்கள் பல அந்தப் பெயரையே ஃபோல்டர் பெயராகக் காட்டும்.

சமையல்: ஃபைல்களைத் தயார் செய்தல்

இனி கல்யாண டிவிடிக்கு வருவோம். டிவிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால் வீடியோ_டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர், அதனுள் விஓபி ஃபைல்கள். ஒவ்வொன்றும் 1 ஜிபியில் வெட்டுப்பட்டிருக்கும். டிவிடி பிளேயர் அவற்றைச் சேர்த்து ஓட்டத் தெரிந்தது. டிவி ஒவ்வொன்றையும் தனித்தனிப் படமாக எண்ணும். நான் முதல் தடவை சோம்பேறித்தனமாக அப்படியே டிஸ்கில் கொட்டினேன். அய்யர் 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று கை உயர்த்துகிறார், மாமா தாலியை எடுக்கிறார், திரை கறுத்து ஃபைல் பட்டியலுக்குத் திரும்பிவிட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

செய்ய வேண்டியது: ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை நிறுவி, டிவிடி ஃபோல்டர் முழுவதையும் அதில் திறக்கவும். கடையில் வாங்கிய படங்களில் நகல் தடுப்புப் பூட்டு உண்டு, வீடியோக்காரர் எழுதிக் கொடுக்கும் கல்யாண டிவிடியில் அது இருக்காது என்பதால் நேராகத் திறந்துவிடும். நீளமான டைட்டிலைத் தேர்ந்தெடுத்து, எம்பி4, வீடியோவுக்கு ஹெச்.264, தரம் ஆர்எஃப் 20, ஒலிக்கு ஏஏசி. ஃபில்டர் பகுதியில் டீஇன்டர்லேஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். நம் ஊர் டிவிடிகள் 720க்கு 576 அளவில் வரிவிட்டு வரி பதிவானவை. இதைச் செய்யாவிட்டால் யாராவது வேகமாகக் கை வீசும்போது விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். எங்கள் நான்கு டிவிடியும் நான்கு எம்பி4 ஆயின. கெட்டிமேளமும் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று. டிவிடியை இந்த வேலைக்கு எடுக்கும் அன்றே அசல் ஃபோல்டரை அப்படியே ஒரு காப்பி எடுத்து ஒதுக்கி வையுங்கள். வீட்டில் எழுதிய டிவிடிகள் பீரோவுக்குள் இருந்தபடியே படிக்க முடியாமல் போய்விடும். எங்கள் நான்காவது தட்டின் கடைசிப் பத்து நிமிடம், வரவேற்பில் மாமாக்கள் எல்லாரும் மேடையில் நிற்கும் பகுதி, மூன்று கம்ப்யூட்டரில் முயன்ற பிறகே கிடைத்தது.

படங்களுக்கும் இதே விதி. 8 பிட் ஹெச்.264 வீடியோ, ஏஏசி அல்லது டால்பி டிஜிட்டல் ஒலி இருந்தால் அநேகமாக எந்த டிவியும் ஓட்டிவிடும். 4கே டிவிகள் ஹெச்.265-ஐயும் ஏற்கும். பிரச்சினை செய்வது ஒலி. 'படம் வருது, சத்தம் வரல' என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் டிடிஎஸ் என்ற ஒலி வகை இருக்கும். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ் ஆதரவை நிறுத்திவிட்டது, எல்ஜியும் 2020-ல் நிறுத்திச் சில வருடம் கழித்துச் சில மாடல்களில் திரும்பக் கொண்டுவந்தது. ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று மீடியாஇன்ஃபோ மென்பொருள் ஒரு நொடியில் காட்டும். ஒலியை மட்டும் ஏஏசிக்கு மாற்றி எழுத ஐந்து நிமிடம் போதும், வீடியோவைத் தொட வேண்டியதில்லை. ஹேண்ட்பிரேக் வீடியோவையும் மறுபடி எழுதும், அதனால் இதற்கு எஃப்எஃப்எம்பெக் அடிப்படையிலான ஏதாவது ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.

சப்டைட்டில் எஸ்ஆர்டி ஃபைலுக்கு வீடியோவின் பெயரே அட்சரம் பிசகாமல் இருக்க வேண்டும். தமிழ் சப்டைட்டிலானால் நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 என்று சேமியுங்கள், இல்லாவிட்டால் கேள்விக்குறிகள் அணிவகுக்கும்.

ஃபைல் பெயர்களைத் தமிழில் வைக்கலாமா என்று ஆசைப்பட்டு நானும் வைத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்தது. ஒரு டிவியில் கட்டம் கட்டமாக வந்தது. இன்னொன்றில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுக் கழன்று தனியாக நின்றன. உங்கள் டிவியில் ஒரே ஒரு ஃபைலை வைத்துச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எம்பி3 பாட்டுகளில் இது இரட்டைத் தொல்லை, ஏனென்றால் டிவி ஃபைல் பெயரைக் காட்டாது, உள்ளே எழுதியிருக்கும் டேகைக் காட்டும். யூனிகோடுக்கு முந்தைய காலத்துப் பாட்டுத் தொகுப்புகளில் அந்த டேக் பழைய எழுத்துருவில் எழுதப்பட்டு வாயில் நுழையாத குறிகளாகக் கிடக்கும். எம்பி3டேக் என்ற மென்பொருளில் மொத்தமாகத் திருத்தலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க எனக்கு அதிலேயே போயிற்று, வருத்தமில்லை.

மேல்நிலை ஃபோல்டர்கள் மூன்று போதும்: படம், பாட்டு, போட்டோ. அதன் கீழே எப்படி வேண்டுமானாலும் பிரியுங்கள், மூன்று அடுக்குக்கு மேல் போனால் ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்தியே விரல் தேய்ந்துவிடும். ஐபோனில் எடுத்த ஹெச்இஐசி படங்களைப் பெரும்பாலான டிவிகள் காட்டாது, ஜேபெக் ஆக்கி வையுங்கள்.

சொருகுதல், ரவுட்டரில் திறந்துவிடுதல்

டிஸ்கைச் சொருகி, ஒரு நிமிடம் பொறுத்து, ரவுட்டரின் யூஎஸ்பி பக்கத்தைப் பாருங்கள். டிஸ்கின் பெயரும் மொத்த இடமும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஃபார்மேட் அல்லது மின்சாரம், இரண்டில் ஒன்று.

இனி இரண்டு கதவுகள் இருக்கின்றன. எதைத் திறப்பது என்பது வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

முதல் கதவு டிஎல்என்ஏ. ரவுட்டர் டிஸ்கைத் துழாவி ஒரு பட்டியல் தயாரித்து, 'என்னிடம் இவையெல்லாம் இருக்கின்றன' என்று வீட்டு நெட்வொர்க்கில் கூவும். டிவி அந்தக் கூவலைக் கேட்டு, எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2 வரிசையில் ரவுட்டரின் பெயரையும் சேர்த்துக் காட்டும். ஆப் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், எதையும் அடிக்க வேண்டாம். அம்மாவுக்கு இதுதான். ரவுட்டர் பக்கத்தில் மீடியா ஷேரிங் அல்லது மீடியா சர்வர் என்பதை ஆன் செய்து, எந்த ஃபோல்டர் என்று தேர்ந்தெடுத்துச் சேமிக்கவும். முதல் தடவை பட்டியல் தயாராக நேரமெடுக்கும். சில ஆயிரம் போட்டோ இருந்தால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பாதியில் 'வேலை செய்யவில்லை' என்று ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பாஸ்வேர்டு இல்லை என்பதே இதன் வசதி, இதன் ஆபத்தும் அதுவே. உங்கள் வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த எவரும் அந்த ஃபோல்டரைப் பார்க்கலாம். அதனால் டிஸ்க் முழுவதையும் திறந்துவிடாமல் அந்த மூன்று ஃபோல்டரை மட்டும் காட்டுங்கள். ஆதார், பத்திரம், மதிப்பெண் சான்றிதழ் ஸ்கேன்கள் இந்த டிஸ்கிலேயே இருக்க வேண்டாம்.

இரண்டாம் கதவு எஸ்எம்பி, சில ரவுட்டர்களில் சம்பா என்ற பெயரில் இருக்கும். இது சாதாரண ஃபோல்டர் பகிர்வு. பயனர் பெயர், பாஸ்வேர்டு உண்டு. எஸ்எம்பி வழியாக விஎல்சி, கோடி (Kodi) போன்ற பிளேயர் ஆப்பில் திறந்தால் சப்டைட்டில் ஒழுங்காக வரும், நடுவில் தள்ளிப் பார்ப்பதும் தடுமாறாது. டிஎல்என்ஏ இந்த இரண்டிலும் சொதப்பும். சொல்லப்போனால் டிவியில் விஎல்சி நிறுவ முடிகிறவர்கள் எல்லாரும் எஸ்எம்பி பக்கம் வந்துவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். நான் இரண்டையும் திறந்து வைத்திருக்கிறேன்.

எஸ்எம்பியில் பதிப்பு பார்க்க வேண்டும். பழைய ரவுட்டர்கள் எஸ்எம்பி1 மட்டும் பேசும். 2017 மே மாதம் உலகத்தை உலுக்கிய வான்னக்ரை வைரஸ் அந்தப் பழைய எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாக நிறுவுவதையே நிறுத்திவிட்டது. ரவுட்டரில் எஸ்எம்பி2 அல்லது 3 என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் கம்ப்யூட்டரில் எஸ்எம்பி1-ஐ மறுபடி உயிர்ப்பிக்காமல், பார்ப்பதற்கு டிஎல்என்ஏவை மட்டும் வைத்துக்கொண்டு, ஃபைல் ஏற்றுவதற்கு டிஸ்கைக் கழற்றிச் சொருகுங்கள். இணையத்தில் 'எஸ்எம்பி1 ஆன் செய்' என்று வழிகாட்டும் வீடியோக்கள் நிறைய, அவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அதே பக்கத்தில் 'இணையம் வழியாக அணுகு', 'எஃப்டிபி' போன்ற பொத்தான்கள் இருக்கும். அலுவலகத்திலிருந்தே வீட்டுப் படத்தைப் பார்க்கலாமே என்று கை பரபரக்கும். அணைத்தே வையுங்கள். திறந்த எஃப்டிபியைத் தேடி அலையும் நிரல்கள் இரவு பகலாக உலகத்தின் ஒவ்வொரு விலாசத்தையும் தட்டிக்கொண்டிருக்கின்றன.

பார்க்கும் பக்கம்

டிவியில் சோர்ஸ் பட்டனை அழுத்தினால் ரவுட்டரின் பெயர் வர வேண்டும். ஆண்ட்ராய்டு டிவி, ஃபயர் டிவி ஸ்டிக் இருந்தால் விஎல்சியை நிறுவி, பிரவுஸ் பகுதியில் லோக்கல் நெட்வொர்க்கைப் பாருங்கள். டிஎல்என்ஏவும் எஸ்எம்பியும் அங்கேயே தனித்தனியாகத் தெரியும். எஸ்எம்பியைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்கும், நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் விலாசப் பட்டையில் \\192.168.0.1 என்று, உங்கள் ரவுட்டர் எண்ணைப் போட்டு, என்டர் தட்டவும். இடதுபுறம் நெட்வொர்க் என்ற இடத்தில் ரவுட்டர் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், எண்ணை அடித்தால் வரும். பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் இணைப்பைப் புதிய விண்டோஸ் பதிப்புகள் மறுக்கின்றன. அதனால் ரவுட்டரில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வைத்தே தீர வேண்டும். ஐபோனில் ஃபைல்ஸ் ஆப்பில் மூன்று புள்ளியைத் தொட்டால் சர்வரோடு இணைக்கும் வழி இருக்கிறது, அல்லது அங்கும் விஎல்சியே போதும்.

ஹார்ட் டிஸ்க் சும்மா இருக்கும்போது தூங்கிவிடும். முதல் ஃபைலைத் தொட்டதும் எழுந்து சுழலச் சில விநாடிகள் ஆகும். அந்த நேரத்தில் டிவி 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று சொன்னால் இன்னொரு தடவை தொட்டால் போதும். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்.

தெரியவே இல்லை, அல்லது திக்குகிறது

ரவுட்டரின் பெயர் டிவியில் வரவே இல்லை என்றால் முதலில் வீட்டில் எத்தனை வைஃபை பெட்டி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஃபைபர் பெட்டி ஒரு வைஃபை கொடுக்கும், நீங்கள் வாங்கிய ரவுட்டர் இன்னொன்று கொடுக்கும். டிவி முதலாவதில், டிஸ்க் இரண்டாவதில். இரண்டும் ஒரே கூடத்தில் இருந்தாலும் வேறு வேறு தெருக்கள், கூவல் கேட்காது. டிவியின் நெட்வொர்க் விவரத்தில் ஐபி எண்ணைப் பாருங்கள். ரவுட்டர் 192.168.0.1 ஆக இருக்க, டிவி 192.168.1.7 என்று காட்டினால் இதுதான் சிக்கல். டிவியை ரவுட்டரின் வைஃபைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ரவுட்டரை அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றி ஒரே தெருவாக்கலாம். அந்த முறையில் ரவுட்டருக்குப் புது எண் கிடைக்கும், சில ரவுட்டர்களில் யூஎஸ்பி பகிர்வே நின்றுவிடும், அதையும் கவனியுங்கள். டிவி கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் இதே கதைதான், கெஸ்ட் நெட்வொர்க் வேண்டுமென்றே தனிமைப்படுத்தப்பட்டது.

திக்குவது வேறு வியாதி. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எல்லாம் ஒழுங்காக அமைத்து, முதல் நாள் படம் போட்டால் சில நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடியது. ஃபைலைக் குற்றம் சொன்னேன், டிவியைக் குற்றம் சொன்னேன். டிஸ்கைக் கழற்றினால் யூடியூப் அருமையாக ஓடுகிறது, சொருகினால் யூடியூபும் திக்குகிறது. அங்கேதான் பொறி தட்டியது. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது, வைஃபை அலையும் அங்கேயேதான். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. என் டிஸ்க் ரவுட்டரின் ஆன்டெனாவுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, குட்டைக் கேபிளில், ரவுட்டரின் தலை மேலேயே உட்கார்ந்திருந்தது. நல்ல உறையிட்ட அரை மீட்டர் கேபிள் ஒன்றை வாங்கி டிஸ்கைக் கீழ்த் தட்டில் வைத்தேன், டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். திக்கல் நின்றது. ஏசுஸ் போன்ற சில ரவுட்டர்களில் இந்த இரைச்சலைக் குறைக்க யூஎஸ்பி துளையை 2.0 வேகத்துக்கு இறக்கும் அமைப்பு உண்டு. மேலே போட்ட கணக்கின்படி அதனால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

ஒரு குறிப்பிட்ட படம் மட்டும் ஓடவில்லை, மற்றவை ஓடுகின்றன என்றால் ரவுட்டரைத் தொடாதீர்கள். அது ஃபைலின் குறை, சமையலறைக்குத் திரும்புங்கள். இப்படி மாற்ற வேண்டிய ஃபைல் நூற்றுக்கணக்கில் இருக்கிறது, உட்கார்ந்து மாற்றப் பொறுமையில்லை என்றால் ரவுட்டர் உங்களுக்குப் போதாது. பழைய லேப்டாப் ஒன்றில் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள், அது ஓடும்போதே மாற்றிக் கொடுக்கும். அதற்கு வேறொரு நாள்.

கழற்றும்போது

புதுப் படம் ஒன்றிரண்டு என்றால் கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எம்பி வழியாகவே போட்டுவிடுங்கள். டிஸ்கைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ரவுட்டர் பக்கத்தில் 'சேஃப்லி ரிமூவ்' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தி டிஸ்கின் விளக்கு அடங்கிய பிறகு பிடுங்குங்கள்.

இதை பேக்கப் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இடி இறங்கி அடாப்டர் வழியாக வந்தால் ரவுட்டரோடு டிஸ்கும் போகும். எங்கள் கல்யாண ஃபோல்டரின் இன்னொரு காப்பி அக்கா வீட்டு பீரோவில், டப்பாவோடு, எதிலும் சொருகாமல் இருக்கிறது.